பசுவும் பாத்திரமும்: நெய்யாற்றின்கரை எல்லைப் பகுதியின் உயிரிரக்க மரபும் ஆபுத்திரன் கதையும்

முன்னுரை

தமிழிலக்கியத்தின் உயிரிரக்கச் சிந்தனையை ஆராயும் கட்டுரைகள் பெரும்பாலும் கொல்லாமை, புலால் மறுத்தல் என்னும் இரு கோட்பாடுகளுக்குள் அமைந்துவிடுகின்றன. இவ்விரண்டும் ஒருவன் செய்யாது ஒழிய வேண்டியவற்றைக் கூறுவன. கொலைக்கெனக் கட்டப்பட்டு நிற்கும் ஓர் உயிரைக் கண்ணெதிரே கண்டவன் செய்ய வேண்டியது யாது என்னும் வினாவிற்கு இவை நேரே விடை கூறுவதில்லை. பண்ணை விலங்குகளைக் கொலையினின்றும் கொடுமையினின்றும் மீட்டுப் புகலிடம் தருதல், விலங்கிலிருந்து பெறும் பால், முட்டை, தோல் முதலிய யாவற்றையும் விலக்கி வாழ்தல் ஆகிய இரண்டும் இக்காலத்தில் ஓர் இயக்கமாக வளர்ந்துள்ளன. இவ்வியக்கத்தைத் தமிழ் மரபின் இயல்பான தொடர்ச்சி என்று உரிமை கொண்டாடுவோரும் உளர். மேலைநாட்டு இறக்குமதி என்று ஒதுக்குவோரும் உளர். இவ்விரு கூற்றுகளுமே மூலநூல்களை நின்று நோக்காமையால் எழுந்தவை.

பாறசாலை, நெய்யாற்றின்கரை ஆகிய எல்லைப்புற ஊர்களைச் சூழ்ந்த நிலப்பகுதியில் வேரூன்றிய உயிரிரக்க மரபினைத் தமிழ்க் காப்பியங்களோடு ஒப்புநோக்கி, மறுத்தல், தடுத்தல், மீட்டல் என்னும் மூன்று நிலைகளாக அதனைப் பகுத்துக் காண்பதும், மூன்றாம் நிலையாகிய மீட்டலுக்கு மணிமேகலையின் ஆபுத்திரன் கதையே முதற்சான்று என நிறுவுவதும், அம்மரபு விடை கூறாது விட்ட பால் பற்றிய சிக்கலைச் சுட்டுவதும் இக்கட்டுரையின் நோக்கங்களாகும்.

நிலமும் மரபும்

1956 நவம்பர் 1 அன்று நிகழ்ந்த மாநிலச் சீரமைப்பின்போது திருவிதாங்கூரின் தோவாளை, அகத்தீசுவரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய வட்டங்கள் அன்றைய சென்னை மாநிலத்தோடு இணைந்தன. நெய்யாற்றின்கரை வட்டம் கேரளத்தில் நின்றது. ஆட்சி எல்லை களியக்காவிளைக்கும் பாறசாலைக்கும் இடையே விழுந்ததேயன்றி, வழிபாடும் பேச்சும் உறவும் அவ்வெல்லையில் அறுபடவில்லை. எனவே இப்பகுதியின் சிந்தனை மரபைத் தமிழ், மலையாளம் என்று கூறுபோட்டு ஆராய்தல் பொருந்தாது.

எல்லையின் கீழ்ப்புறம் விளவங்கோடு வட்டத்தில் சிதறால் மலை உள்ளது. திருச்சாரணத்து மலை என வழங்கிய இவ்விடம் சமணத் திருத்தலமாக விளங்கியது. பாறையிற் செதுக்கிய தீர்த்தங்கரர் உருவங்கள் இன்றும் உள்ளன. ஆய் மன்னன் விக்கிரமாதித்த வரகுணனின் காலத்தைச் சார்ந்த கல்வெட்டு, குணந்தாங்கிக் குரத்தியார் என்னும் சமணப் பெண் துறவி இங்கிருந்த படாரியாருக்குப் பொன்னணி வழங்கிய செய்தியைத் தருகிறது. பின்னர் இது பகவதி கோயிலாயிற்று. கொல்லாமையைத் தலையாய அறமாகக் கொண்ட சமயம் ஒன்று, 9ஆம் நூற்றாண்டில் இம்மண்ணில் பெண் துறவியரையும் உடையதாய்ச் சிறந்திருந்தமை இதனாற் புலனாகும்.

19ஆம் நூற்றாண்டில் இதே நிலப்பகுதியில் அவ்வறம் வேறு வடிவில் எழுந்தது. சாமித்தோப்பில் வாழ்ந்த அய்யா வைகுண்டர் (1809–1851) உயிர்ப்பலியை விலக்கினார். அவர் வழியில் துவையல் தவசு மேற்கொண்டோர் புலாலுணவை நீக்கி வாழ்ந்தனர். நெய்யாற்றின் கரையிலுள்ள அருவிப்புறத்தில் 1888ஆம் ஆண்டு சிவராத்திரியன்று நாராயணகுரு சிவப்பிரதிட்டை செய்தார். அவர் சென்ற ஊர்தோறும் உயிர்ப்பலியும் கள்ளும் படைத்து வணங்கப்பெற்ற தெய்வங்களின் இடத்தில் பலியற்ற வழிபாட்டை நிறுவினார். அவருடைய நண்பரும் மூத்தவருமான சட்டம்பி சுவாமிகள் (1853–1924) ‘ஜீவகாருண்ய நிரூபணம்’ என்னும் உரைநடை நூலை இயற்றினார்.

இவ்விருவரும் தமிழ் கற்றவர்கள். தைக்காடு அய்யாவு சுவாமிகளிடம் பயின்றவர்கள். சட்டம்பி சுவாமிகள் கல்லிடைக்குறிச்சியில் தங்கிக் கற்றார். நாராயணகுரு மருத்துவாழ் மலையில் தவமிருந்தார். தமிழில் தேவாரப் பதிகங்கள் பாடினார். திருக்குறளின் சில அதிகாரங்களையும் ‘ஒழிவிலொடுக்கம்’ என்னும் நூலையும் மலையாளத்தில் ஆக்கினார். அவ்வொழிவிலொடுக்கத்தை 1851இல் முதன்முதல் பதிப்பித்தவர் வடலூர் வள்ளலார் ஆவார். ஆகவே வடலூரின் ஜீவகாருண்யமும் அருவிப்புறத்தின் ஜீவகாருண்யமும் தற்செயலாக ஒத்த இரு குரல்கள் அல்ல. ஒரே நூற்படிப்பின் நீரோட்டத்தில் கிளைத்தவை எனக் கொள்ள இடமுண்டு.

மறுத்தல்: குறளும் பஞ்சகமும்

திருக்குறளில் புலால் மறுத்தலும் கொல்லாமையும் துறவறவியலுள் வைக்கப்பட்டுள்ளன. இவ்வைப்புமுறையைக் கொண்டு இவ்வறங்கள் துறவியர்க்கே உரியன என்று வாதிடுவோர் உளர். ஆயின் 256ஆம் குறளின் கருத்து துறவியின் உணவை மட்டும் நோக்கியதன்று. உலகம் உண்ணுதற்பொருட்டுக் கொல்லாதாயின் விலைக்கு ஊன் விற்பார் இல்லை என்னும் அக்கருத்து, உண்போர்க்கும் விற்போர்க்கும் உள்ள உறவைச் சுட்டுகிறது. தான் கொல்லவில்லை, வாங்கி உண்ணுகிறேன் என்போர் கூறும் அமைதியை அது மறுக்கிறது. கொலையைத் தனிமனிதனின் கைச்செயலாக மட்டும் காணாது, சந்தையின் விளைவாகவும் கண்டமை இங்கு நோக்கத்தக்கது.

நாராயணகுருவின் ‘ஜீவகாருண்ய பஞ்சகம்’ ஐந்தே செய்யுட்களால் ஆகிய சிறு நூல். எல்லா உயிர்களும் ஆன்மாவால் உடன்பிறந்தவை என்பதை அது முதற்கண் நிறுத்துகிறது. அவ்வாறாயின் இரக்கமின்றிக் கொல்லுதலும் உண்ணுதலும் எவ்வாறு இயலும் என்று வினவுகிறது. கொலை தன்மேல் வருங்கால் யார்க்கு இனிதாகும் என்று கேட்கிறது. நான்காம் செய்யுள் குறளின் வாதத்தைத் தொடர்கிறது. உண்பவன் இல்லையேல் கொல்பவன் இல்லை; உண்பவன் பிறரைக் கொல்லச் செய்தலால் அவன் தீவினை கொன்றவன் தீவினையினும் பெரிது என்பது அதன் கருத்து.

குறளுக்கும் பஞ்சகத்திற்கும் உள்ள வேறுபாடு நுட்பமானது. குறள் உண்போரையும் விற்போரையும் ஒரு காரண காரியத் தொடரில் வைத்து அமைகிறது. பஞ்சகமோ பழியின் எடையைக் கொல்பவன் தோளிலிருந்து இறக்கி உண்பவன் தோளில் ஏற்றுகிறது. கொலைத்தொழில் செய்வோரைத் தாழ்த்தி, அவர்தம் கையால் வந்த ஊனை உண்போரை உயர்த்திவைத்த சமூகத்தில், ஒடுக்கப்பட்ட குலத்தில் தோன்றிய ஒருவர் இவ்வாறு எழுதியது வெறும் உணவு விதி ஆகாது. தூய்மை, தீட்டு என்னும் அளவைகளால் அளக்கப்பட்ட ஒன்றைப் பொறுப்பு என்னும் அளவையால் அளந்த மாற்றம் இது. உயிரிரக்கத்தைச் சாதி உயர்வின் அடையாளமாகக் கொள்ளும் வழக்கத்தினின்று பஞ்சகத்தைப் பிரித்துக் காட்டுவது இம்மாற்றமே ஆகும்.

தடுத்தல்: நீலகேசியும் யசோதர காவியமும்

மறுப்பவன் தன் வாயைக் காக்கிறான். தடுப்பவன் பிறர் கையைப் பிடிக்கிறான். தடுத்தலை நிகழ்ச்சியாகக் காட்டும் நூல் நீலகேசி. காளி கோயிலுக்குப் பலியிடக் கொண்டுவரப்பட்ட உயிர்களைக் கண்ட முனிச்சந்திர முனிவர், அவற்றிற்கு மாற்றாக மண்ணாற் செய்த உருவங்களைப் படைக்குமாறு கூறுகிறார். பலி நின்றமையால் சினந்த காளி, முனிவரை வெல்லத் தெற்கேயுள்ள பழையனூர் நீலியை அழைக்கிறாள். அந்நீலியே மனம் மாறிச் சமணத்தின் வாதத் தலைவியாகிறாள். பலிதடுப்பு ஒன்றே இக்காப்பியத்தின் கதைக்கு வித்து என்பது கருதத்தக்கது.

மண்ணுருவம் போதுமென்று நீலகேசி அமைதி காண, யசோதர காவியம் அவ்வமைதியைக் குலைக்கிறது. மாவினாற் செய்த கோழியைப் பலியிட்ட யசோதரனும் அவன் தாய் சந்திரமதியும் மயில், நாய், ஆடு, எருமை, கோழி எனப் பிறவிதோறும் விலங்குகளாய்த் துன்புறுகின்றனர். கொல்லும் எண்ணம் உள்ளவரை மாற்றுப்பொருள் உய்விக்காது என்பது இந்நூலின் துணிபு. இதனினும் சிறப்பாகக் குறிப்பிட வேண்டுவது, அரசனாய் இருந்தவனே தான் ஆண்ட அரண்மனையின் உணவாக வெட்டப்படுவதும், அத்துன்பத்தைக் கற்போர் அவ்வுயிரின் உள்ளிருந்து உணருமாறு கதை அமைந்திருப்பதுமாகும்.

பலிதடுப்பு பிற்காலத்தில் சட்டமாயிற்று. தமிழகத்தில் 1950இலும் கேரளத்தில் 1968இலும் விலங்கு, பறவைப் பலித்தடைச் சட்டங்கள் இயற்றப்பெற்றன. தமிழகச் சட்டம் 2003இல் கடுமையாக நடைமுறைப்படுத்தப்பட்டு, சிற்றூர்த் தெய்வ வழிபாட்டினரின் எதிர்ப்பால் 2004இல் நீக்கப்பட்டது. இச்சட்டங்களின் குறை வெளிப்படை. கோயில் முற்றத்தில் ஆண்டிற்கு ஒருமுறை நிகழ்வதை இவை விலக்கின. நாள்தோறும் சந்தைக்காக நிகழ்வதைத் தீண்டவில்லை. குறளும் பஞ்சகமும் சந்தையைச் சுட்டியிருக்க, சட்டம் எளியோர் வழிபாட்டை மட்டும் சுட்டியது. இவ்விடைவெளியை நோக்காது பலிதடுப்பை மட்டும் உயிரிரக்கத்தின் வெற்றியாகக் கொண்டாடுதல் திறனாய்வுக்குப் பொருந்துவதன்று.

மீட்டல்: ஆபுத்திரன்

மணிமேகலையின் ‘ஆபுத்திரன் திறம் அறிவித்த காதை’ மூன்றாம் நிலையைக் காட்டுகிறது. வாரணாசியில் மறையோதும் ஆசிரியன் மனைவி சாலி, கற்பு நெறி தவறியமையால் அஞ்சிக் குமரியாடத் தென்றிசை வருகிறாள். வழியில் ஒரு மகவை ஈன்று இருளில் விட்டு நீங்குகிறாள். பசு ஒன்று அம்மகவை நக்கி ஏழு நாள் பாலூட்டிக் காக்கிறது. வயனங்கோட்டு அந்தணன் இளம்பூதி அக்குழவியை எடுத்து வளர்த்து மறை பயிற்றுகிறான். வளர்ந்த ஆபுத்திரன் அவ்வூரில் வேள்விச்சாலை ஒன்றில், கொம்பில் மாலை சூட்டப்பெற்றுக் கொலைக்கஞ்சி நிற்கும் ஒரு பசுவைக் காண்கிறான். ஒளிந்திருந்து, நள்ளிருளில் அதனை அவிழ்த்துக்கொண்டு ஊரைவிட்டுச் செல்கிறான்.

இச்செயலின் இலக்கணத்தைப் புறத்திணையோடு வைத்துக் காண்டல் வேண்டும். பகைவர் நிலத்து ஆநிரையை இரவிற் களவாற் கவர்தல் வெட்சி. கவரப்பட்ட நிரையை உடையார் மீட்டல் கரந்தை. தொல்காப்பியம் அதனை வெட்சியுள் அடக்கும், புறப்பொருள் வெண்பாமாலை தனித்திணையாக்கும். நிரை மீட்டு மாண்டோர்க்கு நடுகல் நட்டுப் போற்றியது தமிழகம். எனவே ‘மீட்டல்’ என்பது விலங்கோடு தொடர்புடைய சொல்லாகத் தமிழ்க் கவிதையியலில் முன்பே நிலைபெற்றிருந்தது. ஆனால் அங்கு மீட்கப்பட்டது செல்வம். மாடு என்னும் சொல்லுக்கே செல்வம் என்னும் பொருளுண்டு. ஆபுத்திரனின் செயல் வடிவத்தால் வெட்சி: இரவு, களவு, ஆ கவர்தல் மூன்றும் உள. நோக்கத்தால் கரந்தை: மீட்பு உளது. பயனால் இரண்டும் அன்று. மீட்கப்பட்டதன் பயன் ஊரையோ வேந்தனையோ அவனையோ சாராது அப்பசுவையே சார்கிறது. பசுவை உடைமை என்னும் நிலையிலிருந்து உயிர் என்னும் நிலைக்கு மாற்றியதே சாத்தனார் புறத்திணை மரபில் நிகழ்த்திய திருப்பம் எனலாம்.

இத்திருப்பத்திற்கு ஆபுத்திரன் தரும் விலையும் கதையில் உண்டு. துரத்திப் பிடித்தோர் அவனை இழிகுலத்தான் என இகழ்ந்து கோலால் அடிக்கின்றனர். பசு உவாத்தியைக் குத்திக் குடர் சரித்துக் காட்டிற்குள் விரைகிறது. பசுவோடு உங்களுக்குப் பகை யாது என்று அவன் கேட்க, பசுவின் மகன் என்று எள்ளுகின்றனர். பசுவின் வயிற்றிலும் மானின் வயிற்றிலும் புலி, நரி ஆகியவற்றின் வயிற்றிலும் பிறந்த முனிவரை நீங்கள் போற்றவில்லையா என்கிறான். பின்னர் அவன் பிறப்பே பழிக்கப்படுகிறது. வளர்த்த தந்தை கைவிடுகிறான். ‘ஆ கவர்ந்தவன்’ என்னும் பெயரோடு அவன் செல்லும் அந்தண ஊர்களில் பிச்சைப் பாத்திரத்தில் கற்கள் இடப்படுகின்றன. விலங்கை மீட்டவன் குலத்தின் வரம்பினின்று வெளியே தள்ளப்படுவதைக் காப்பியம் தெளிவாகக் காட்டுகிறது.

பாத்திரம் நின்றது, பசு மறைந்தது

கல் விழுந்த பாத்திரத்தோடு மதுரையடைந்த ஆபுத்திரன் சிந்தாதேவியின் கோயிலில் தங்கி, இரந்து பெற்றதைக் குருடர், செவிடர், முடவர், ஆதரவற்றோர் முதலியோர்க்கு ஊட்டிய பின்னரே தான் உண்கிறான். அவனுக்குச் சிந்தாதேவி அளித்ததே அமுதசுரபி. அதுவே பின்னர் மணிமேகலையின் கையை அடைகிறது. பசிப்பிணி நீக்கும் இப்பாத்திரமே மணிமேகலையின் அடையாளமாகப் பாடநூல்களிலும் மேடைகளிலும் நிலைபெற்றுள்ளது. அப்பாத்திரம் வந்த வழியில் ஒரு பசுவின் மீட்பு உண்டு என்பது பெரும்பாலும் நினைக்கப்படுவதில்லை.

கதையின் காரணத் தொடர் இதுவாகும்: பசு குழவியைக் காத்தது, குழவி வளர்ந்து பசுவை மீட்டது, மீட்டமையால் ஊரார் விலக்கினர், விலக்கப்பட்டமையால் விலக்கப்பட்டோரின் பசியை அவன் அறிந்தான், அவ்வறிவிற்கு அமுதசுரபி வாய்த்தது. விலங்கிடத்துக் காட்டிய இரக்கமும் மனிதரிடத்துக் காட்டிய இரக்கமும் போட்டியிடும் இரு கடமைகள் அல்ல. ஒன்றிலிருந்து மற்றொன்று பிறந்தது. மனிதன் பசித்திருக்க மாட்டிற்கு இரங்குவதா என்னும் வழக்கமான வினாவிற்குத் தமிழ்க் காப்பியம் தந்த விடை இது.

இத்தொடரைப் பிற்காலத்தில் மீண்டும் இணைத்தவர் வள்ளலார். 1867 மே 23 அன்று வடலூரில் சத்திய தருமச்சாலையை நிறுவிய அவர், ‘ஜீவகாருண்ய ஒழுக்கம்’ என்னும் உரைநடையில் பசி நீக்குதலையும் கொல்லாமையையும் ஒரே அறத்தின் இரு பகுதிகளாக வைத்தார். தாவரங்களும் உயிரன்றோ என்னும் தடையை எழுப்பி, வித்து, காய், கனி முதலியவற்றைக் கொள்ளுதல் நகமும் மயிரும் களைதலைப் போன்றது என்று விடையும் கூறினார். இன்றும் புலாலுண்ணாமையை எதிர்ப்போர் எழுப்பும் அதே தடை, 19ஆம் நூற்றாண்டின் தமிழ் உரைநடையில் வாதமுறையாக ஆராயப்பட்டுள்ளது.

பாலின் சிக்கல்

இதுவரை கூறியவற்றால் புதிய இயக்கத்திற்குத் தமிழ் மரபு முழுவதும் துணைநிற்கிறது என்று முடிவுசெய்தல் பிழையாகும். 1944இல் இங்கிலாந்தில் டொனால்ட் வாட்சனும் அவர் தோழர்களும் வீகன் கழகத்தைத் தொடங்கியதற்குக் காரணம் இறைச்சி அன்று, பாலும் முட்டையுமே. புலால் மறுத்தோர் பால் பொருள்களை ஏற்றதை அவர்கள் ஏற்கவில்லை. தமிழ் மரபு இவ்விடத்தில் அவர்களோடு உடன்படுவதில்லை.

ஆபுத்திரனின் வாதத்தையே எடுத்துக்கொள்ளலாம். பிறந்த நாள் முதலாக மனிதர்க்குப் பாலூட்டும் பசுவிடம் பகை கொள்ளலாமோ என்று அவன் கேட்கிறான். இவ்வாதம் நன்றியறிதலை அடிப்படையாகக் கொண்டது. பசு பயன்படுவதால் காக்கப்பட வேண்டும் என்றால், பால் வற்றிய பசுவும் ஆண்கன்றும் எவ்வாதத்தால் காக்கப்படும்? வள்ளலாரின் ‘நித்திய கரும விதி’யும் பசுவின் பாலை விலக்கவில்லை. நெய்யாற்றின்கரை நகரிலேயே இம்முரணைக் காணலாம். அங்குள்ள கிருஷ்ணன் கோயிலில் குழந்தைக் கண்ணனின் திருக்கையில் வெண்ணெய் வைத்து வழிபடுவது சிறப்பு வழிபாடு. அருவிப்புறத்தின் கொல்லாமையும் கண்ணனின் வெண்ணெயும் ஒரே வட்டத்தில் முரணின்றி வாழ்ந்து வந்தன. பாலும் வெண்ணெயும் அன்பின் பொருள்களாகவே கருதப்பட்டன.

வீட்டுக் கொட்டிலில் ஓரிரு மாடு கட்டி, கன்று குடித்த பின் கறந்த நிலையில் அக்கருத்திற்கு ஓரளவு இடமிருந்தது. எனினும் அன்றும், கன்று இறந்தபின் அதன் தோலில் வைக்கோல் திணித்துத் தாயின்முன் நிறுத்திக் கறக்கும் வழக்கம் இருந்ததை மறத்தலாகாது. கேரளத்தில் 1963இல் மாட்டுப்பட்டியை மையமாகக் கொண்டு தொடங்கிய இந்திய-சுவிட்சர்லாந்துக் கூட்டுத் திட்டமும் அதன்வழித் தோன்றிய சுனந்தினி இனமும், 1970இல் தொடங்கிய வெண்மைப் புரட்சியும் மாட்டின் வாழ்வை மாற்றின. 2019ஆம் ஆண்டின் 20ஆம் கால்நடைக் கணக்கெடுப்பின்படி கேரளத்தின் மாடுகள் சுமார் 13.4 இலட்சம், அவற்றுள் பத்தில் ஒன்பதுக்கு மேல் கலப்பினம். உழவிற்கு உதவாத கலப்பின ஆண்கன்றுக்கு இப்பொருளியலில் இடமில்லை. பால் வேண்டின் பசு கருவுற்று ஈன வேண்டும். ஈன்றவற்றுள் ஏறக்குறைய பாதி ஆண். எனவே பாலும் இறைச்சியும் இரு வேறு தொழில்கள் அல்ல. குறள் இறைச்சிக்குச் சொன்ன வாங்குவோர்-விற்போர் தொடர் இன்று பாலுக்கும் பொருந்துகிறது.

இவ்விடத்தில் மணிமேகலை எதிர்பாராத ஒரு குறிப்பைத் தருகிறது. ஆபுத்திரனைக் காத்த பசு மறுபிறவியில் சாவகத் தீவில் பொற்கொம்பும் பொற்குளம்பும் உடையதாய்ப் பிறக்கிறது. அது கன்று ஈனுவதற்கு முன்பே பால் சுரந்து உயிர்களையெல்லாம் ஊட்டுகிறது என்கிறார் சாத்தனார். இதனை வெறும் அற்புதமாகக் கொள்ளலாம். பசுவின் அருளைப் பெரிதுபடுத்தும் உத்தியாகவும் கொள்ளலாம். ஆயின் இலட்சியப் பாலைக் கற்பனை செய்யப் புகுந்த புலவர், எக்கன்றின் பங்கும் குறையாத பாலையே கற்பனை செய்தார் என்பது நோக்கத்தக்கது. கன்றைப் பிரிந்த பசுவின் துயரை நன்கறிந்த இலக்கியம் தமிழ். மனுநீதிச் சோழன் கதையில் கன்றை இழந்த பசுவே ஆராய்ச்சி மணியை அசைத்து முறையிடுகிறது. பால் குற்றமற்றதாக வேண்டுமாயின் அது கன்றிடமிருந்து எடுக்கப்படாததாக இருக்க வேண்டும் என்னும் உணர்வு சாவகத்துப் பசுவின் சித்திரத்துள் மறைந்துள்ளது. மரபு இவ்வுணர்வை விதியாக்கவில்லை. படிமமாக மட்டும் விட்டுச்சென்றது.

சொல்லும் சமூகமும்

விலங்குப் பொருள் யாவற்றையும் விலக்கும் உணவுநெறிக்கு ‘நனிசைவம்’ என்னும் சொல் இக்காலத் தமிழில் வழங்குகிறது. சொல்லமைப்பு செம்மையானது; எனினும் ஓர் இடர்ப்பாடு உண்டு. புலாலுண்ணாமையைச் ‘சைவம்’ எனல் ஒரு சமயத்தின் பெயரை உணவிற்கு ஏற்றிய பிற்கால வழக்கு. வள்ளுவர் அதனைப் புலால் மறுத்தல் என்றே குறித்தார். மலையாளத்தில் வழங்கும் ‘சஸ்யாஹாரம்’ உணவின் இயல்பைச் சுட்டுகிறது; சமயத்தைச் சுட்டவில்லை. எல்லைப்புற ஊர்களில் இவ்விரு சொற்களும் செவிப்படுகின்றன. கொல்லாமையை வாதிட்டு நிறுவிய சமணத்தையும், பசுவை மீட்ட கதையைத் தந்த பௌத்தக் காப்பியத்தையும் ‘சைவம்’ என்னும் சொல் மறைக்கிறது. மேலும் அது சாதி உயர்வின் குறியாகவும் புழங்கி வருகிறது. சொல்லோடு சேர்ந்து வரும் இவ்வுயர்வு மனப்பான்மையைக் களையாது இயக்கத்தை வளர்த்தல், நாராயணகுரு நீக்க முயன்ற ஒன்றை மீண்டும் புகுத்துவதாகவே முடியும்.

மீட்டல் என்னும் செயலுக்கும் இவ்வெச்சரிக்கை வேண்டும். திருவனந்தபுரத்திலிருந்து நெய்யாற்றின்கரை, அமரவிளை, பாறசாலை, களியக்காவிளை வழியாகக் குமரி நோக்கிச் செல்லும் நெடுஞ்சாலை, தமிழகத்திலிருந்து மாடுகளும் கோழிகளும் கேரளச் சந்தைக்குச் செல்லும் வழிகளுள் ஒன்று. விலங்குவதைத் தடுப்புச் சட்டம் 1960ஆம் ஆண்டினது. விலங்குகளை ஏற்றிச் செல்லும் விதிகள் 1978ஆம் ஆண்டின. நீர், தீவனம், இடம், மருத்துவச் சான்று ஆகியவற்றை அவ்விதிகள் வலியுறுத்துகின்றன. இவ்விதிகளின்வழி ஓர் உயிரை மீட்பது அறமாகும். பசுக்காவல் என்னும் பெயரால் மனிதரைத் தாக்குவது அதற்கு நேர்மாறானது. 2018 ஜூலை 17 அன்று உச்சநீதிமன்றமும் அதனைக் கடுமையாகக் கண்டித்தது. ஆபுத்திரன் அடித்தவன் அல்லன், அடிபட்டவன். தன் குலத்தாரின் வேள்விச்சாலையை எதிர்த்தானேயன்றி எளியோரின் பிழைப்பைத் தாக்கவில்லை. மீட்போர் யார் பக்கம் நின்று யாரை எதிர்க்கின்றனர் என்பதே இரு செயல்களையும் வேறுபடுத்தும் உரைகல்.

பூவார், பொழியூர் முதலிய கடலோர ஊர்களின் மீன்பிடி வாழ்க்கையும் இங்குக் கருதப்பட வேண்டும். கடலை நம்பி வாழ்வோரிடம் சென்று குற்றம் சாட்டும் அறம் கேட்கப்படாது. பஞ்சகம் பழியின் எடையை உண்பவன் மேல் ஏற்றியதன் பொருளை இவ்விடத்தில் மீண்டும் நினைத்தல் தகும். மாற்றுணவை எளிதில் வாங்கத்தக்க நகர்ப்புறத்தாரிடமிருந்தே மாற்றம் தொடங்க வேண்டும் என்பது அதன் இயல்பான முடிவாகும்.

முடிவுரை

தமிழ்-மலையாள எல்லையில் வளர்ந்த உயிரிரக்க மரபு மறுத்தல், தடுத்தல், மீட்டல் என மூன்று நிலைகளை உடையது. முதலிரண்டும் அறநூல்களாலும் காப்பியங்களாலும் அருவிப்புறம் போன்ற இயக்கங்களாலும் நன்கு அறியப்பட்டவை. மூன்றாவது, ஆபுத்திரன் கதையில் புறத்திணை மரபையே திருப்பிக்கொண்டு வெளிப்பட்டும், அமுதசுரபியின் புகழால் மறைந்து நிற்கிறது. பண்ணை விலங்குகளை மீட்கும் இன்றைய முயற்சிக்குத் தமிழில் முன்னோடி தேடுவோர் அப்பசுவை மீண்டும் கதைக்குள் கொண்டுவருதல் வேண்டும்.

அதே வேளையில், பாலைப் பற்றி மரபு தெளிவான விடை தரவில்லை என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும். பழம்பெருமையால் அவ்விடைவெளியை மூடுதல் ஆய்வாகாது. அவ்விடைவெளியைக் காட்டி மரபு முழுவதையும் தள்ளுதலும் ஆய்வாகாது. ஈனுமுன் சுரக்கும் பசுவைக் கற்பனை செய்த சாத்தனார் விட்ட இடத்திலிருந்து சிந்தனை தொடர வேண்டும். கன்றின் பங்கைக் கேட்கும் வினா அக்காப்பியத்தில் முன்பே உள்ளது. அதற்கு விடை கூறும் கடமை மட்டும் பின்வந்தோர்க்கு எஞ்சியுள்ளது.